மோட்டார் சைக்கிளும் அதனைச் செப்பனிட்ட கைகளும்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே கூறுவர். அதனைச் செப்பனிட்டுப் பேணியோரின் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. ஆயினும், இவ்வூர்தி தோன்றிய நாள்முதல் அதனை ஓட்டியவரே அதற்குக் கம்மியராகவும் விளங்கினர். அவ்வறிவு இல்லாதவிடத்து ஊர்தி வெறும் இரும்பாய் நின்றது. வேறுவேறு காலங்களில், வேறுவேறு நாடுகளில் நிகழ்ந்த மூன்று செய்திகள் இதனைத் தெளிவுறுத்தும்.

1885ஆம் ஆண்டில், ஜெர்மனியிற் கொட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டம் ஒன்றிற் சிறு பெற்றோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். 1894ஆம் ஆண்டில், மியூனிக் நகரிலே விற்பனைக்கென மோட்டார் சைக்கிள்களைத் தொகையாகச் செய்யும் தொழில் தொடங்கிற்று. வண்டி விலைக்குக் கிடைத்தது, பழுதுபார்ப்போர்தாம் கிடைத்திலர். ஊர்க் கொல்லர் இரும்பை அறிவார். துவிச்சக்கரவண்டி திருத்துவோர் சில்லை அறிவார். பெற்றோல் இயந்திரத்தின் இயல்பை இருவரும் அறியார். ஆகவே வாங்கியவரே கற்கவேண்டியவரானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய பல வண்டிகளில், இயந்திரத்துக்கு எண்ணெய் ஊட்டுவதுங்கூட ஓட்டுநர் கைப்பம்பியை அழுத்திச் செய்யும் வேலையாகவே இருந்தது. எண்ணெய் குறைந்தால் இயந்திரம் சூடேறி இறுகும். மிகுந்தாற் புகை எழுந்து பிளக்கிற் கரி படியும். இவ்வளவை அறிவதற்கு அனுபவமே ஆசிரியனாயிற்று.

முதலாவது செய்தி மான் தீவைச் சார்ந்தது. 1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், பின்னர் உலகப்புகழ் பெற்ற மோட்டார் சைக்கிட் போட்டி அத்தீவில் முதன்முறையாக நடைபெற்றது. பத்துச் சுற்றுக்கள் கொண்ட அப்போட்டியின் தூரம் ஏறத்தாழ 158 மைல். இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கான பிரிவிலே, பிரான்சிய இயந்திரம் பூட்டிய நோர்ட்டன் வண்டியில் ரெம் ஃபௌலர் என்பவர் ஓடினார். வழியிற் பிளக்குகள் மீண்டும் மீண்டும் பழுதாயின. பின்சில்லைச் சுழற்றும் வார்ப்பட்டி தொல்லை கொடுத்தது. முன் ரயர் வெடித்தது. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கித் தம் கையாலேயே சீர்செய்து மீண்டும் ஏறினார். இத்தனை தடைகளுக்குப் பின்னும் அப்பிரிவின் வெற்றி அவருக்கே கிட்டிற்று. அவரது சராசரி வேகம் மணிக்கு 36 மைல் அளவினதே. வழியோரத்தில் இழந்த நேரத்தையும் உள்ளடக்கிய கணக்கு அது.

போட்டியிலே வண்டி நின்றால் இழப்பது பரிசு மட்டுமே. பாலைவனத்தில் நின்றால் உயிருக்கே இடராகும். தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு ஆங்கிலப் பெண்கள் இதனை அறிந்தே புறப்பட்டனர். 1934ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், 600 சீ.சீ. பாந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றிற் பக்கவண்டியும் இழுவைவண்டியும் பூட்டி, அவர்கள் இலண்டனை நீங்கினர். அவர்கள் சேர எண்ணிய இடம் ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன். சகாராவின் மணலிற் சில்லுகள் புதைந்தபோது தோண்டி எடுத்தனர். அகடெஸ் நகரை அணுகும் வேளையில் இயந்திரமே பழுதுற்றது. அந்நகரில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீளப் பூட்டினர். வாலக் இலண்டனிற் பொறியியல் பயின்றவர்; பயணத்தின் உயிர்நாடி அவ்வறிவே எனலாம். 1935ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இருவரும் கேப் டவுனை அடைந்தனர். இரண்டாம் உலகப்போரில் இராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளிற் கொண்டுசென்ற வாலக், பிற்காலத்தில் அமெரிக்காவிலே பிறருக்கு வண்டியோட்டக் கற்பித்தார்.

மூன்றாவது செய்திக்குப் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும், ஆசிரியர் பாடசாலை சேரவும், விளைபொருள் சந்தைக்குப் போகவும் வழி வேண்டியிருந்தது. மக்கள் பெற்றோல் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலாற் சிறு போத்தலிற் பேணிவைத்த சில துளி பெற்றோலைக் கொண்டு முதலில் இயந்திரத்தைத் தொடக்குவர். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இதற்கு விலையும் உண்டு. பிளக்கிற் கரி விரைந்து படியும். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனாற் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், காபரேற்றரைச் சுத்தஞ்செய்வதும், எண்ணெயை அடிக்கடி மாற்றுவதும் ஓட்டுவோரின் நாளாந்தக் கடமைகளாயின. பட்டறையை அன்றி வேறொன்றும் அறியாதிருந்தோரும் அக்காலத்தில் இவற்றைக் கற்றுக்கொண்டனர்.

இன்று எரிபொருளை அளந்து தெளிப்பதையும் மின்பொறியை எழுப்புவதையும் பல வண்டிகளில் மின்னணுக் கருவிகளே ஆள்கின்றன. அவற்றைத் தேர்ந்த கம்மியரிடம் விடுவதே முறை. பிறேக்கிற் பெரும் பழுது நேரினும் அவ்வாறே. ஆயினும் ஓட்டுவோரின் கைக்கு உரிய வேலைகள் ஒழிந்துவிடவில்லை. ரயரின் காற்றை அளத்தல், எண்ணெயின் மட்டம் நோக்கல், இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செயினைத் துடைத்து எண்ணெயிட்டு அதன் தளர்வைக் கைந்நூல் கூறும் அளவுக்குக் கொணர்தல், பிளக்கின் முனையைச் சோதித்தல், தளர்ந்த திருகாணியை இறுக்குதல் ஆகியன சில கருவிகளும் சிறிது பொறுமையும் உடைய எவருக்கும் இயல்வன.

ஃபௌலருக்கும் வாலக்குக்கும் அவ்வறிவு புறப்படுமுன்பே கையில் இருந்தது. குடாநாட்டு மக்களோ நெருக்கடி வந்தபின், கிடைத்தற்கரிய எரிபொருளைச் செலவிட்டுப் பெரும் இன்னலோடு அதனைக் கற்றனர். தேவை வருமுன், ஓய்வான ஒரு மாலையில் வீட்டு முற்றத்திலே இதனைக் கற்பதற்கு எவ்விலையும் இல்லை. பிள்ளைகளையும் அருகிருத்திக் காட்டுவோமாயின், அவ்வறிவு அடுத்த தலைமுறைக்கும் சேரும்.