மணமாகாத மகனின் வருமானத்தில் பாதி: 50 விழுக்காட்டுக் கழிவு விதியா, ஊகமா?

சாலை விபத்தில் இறந்த மகன் மணமாகாதவன் என்றால், அவன் வருமானத்தில் பாதியை அவனது சொந்தச் செலவாகக் கழித்துவிட்டு மீதியையே பெற்றோரின் இழப்பாகக் கொள்ள வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த அளவு நெகிழ்வற்ற விதி என்றும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கின் அரசியல் சாசன அமர்வு அதை முடிந்த முடிபாக்கிவிட்டது என்றும் ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அந்த அமர்வு உறுதிசெய்தது எதை என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

சொந்தச் செலவுக் கழிவுக்குச் சரளா வர்மா தீர்ப்பின் 30 முதல் 32 வரையான பத்திகளைத் தீர்ப்பாயங்கள் பின்பற்ற வேண்டும் என்பதே 2017இன் கட்டளை. ஆனால் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது 31ஆம் பத்தி மட்டுமே. மணமாகாதவர் தமக்கென்று அதிகம் செலவழிப்பார். விரைவில் மணமாகிவிட்டால் பெற்றோருக்குத் தருவது வெகுவாகக் குறையும். தந்தைக்குத் தனி வருமானம் இருக்கக்கூடும். உடன்பிறந்தோர் அவனைச் சார்ந்திருக்கமாட்டார்கள் என்ற நான்கு அனுமானங்கள் அதில் உள்ளன. தந்தையைப் பற்றியதும் உடன்பிறந்தோரைப் பற்றியதும் மாறான சான்று இல்லாதவரைதான் செல்லும் என்று அப்பத்தியே சொல்கிறது. 32ஆம் பத்தி இன்னும் தெளிவானது: விதவைத் தாயும் வருமானமற்ற தம்பி தங்கையர் பலரும் அவனை நம்பியிருந்தால் கழிவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கலாம். கட்டளை 32ஆம் பத்தியையும் உள்ளடக்கியதால் விலக்கும் விதியோடு சேர்ந்தே உறுதிசெய்யப்பட்டது. விதவைத் தாய் என்பது அங்கே எடுத்துக்காட்டாக வருகிறதே அன்றி எல்லையாக அன்று என்பது என் வாசிப்பு. படுக்கையில் கிடக்கும் தந்தை உள்ள வீட்டுக்கும் அது பொருந்த வேண்டும்.

வேறுபாடு சிறிதன்று. மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய, சுயதொழில் செய்த 24 வயது இளைஞனை எடுத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு இழப்பைப் பெருக்க வேண்டிய எண், அதாவது பெருக்கி, அந்த வயதுக்கு 18. பாதியைக் கழித்தால் 22,68,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 30,24,000. ஒரே மரணம், 7,56,000 ரூபாய் இடைவெளி.

அந்த நான்கு அனுமானங்களில் திருமணம் பற்றியதே மிகப் பலவீனமானது. 24 வயதுக்காரன் 60 வரை உழைத்தால் 36 ஆண்டுகள், பெருக்கியோ 18. மொத்தத் தொகை முன்கூட்டியே கைக்கு வருவதையும் வாழ்வின் நிச்சயமின்மைகளையும் கருதியே பெருக்கி அவ்வாறு சுருக்கப்பட்டது. திருமணமும் அந்த நிச்சயமின்மைகளில் ஒன்றுதான். அதற்காகத் தனியே மீண்டும் கழிப்பது இரட்டைக் கழிவு. மேலும், இளம் விதவை மறுமணம் செய்யலாம், பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கலாம் என்ற வாய்ப்புகளுக்காக அதே தீர்ப்பின் அட்டவணை ஒரு ரூபாயும் கழிப்பதில்லை. வருங்கால மாற்றம் பெற்றோருக்கு எதிராக மட்டும் ஏன் எண்ணப்பட வேண்டும்? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 மணமான மகனையும் பெற்றோரைப் பேணக் கட்டாயப்படுத்துகிறது. மணமானால் பேணமாட்டான் என்ற ஊகத்தை அதற்குப் பின் வந்த தீர்ப்பு அடிப்படையாக்கியது வியப்பே.

பெற்றோரின் வயதுக்குரியதைவிட இறந்தவரின் வயதுக்குரிய பெருக்கி உயர்ந்தது, அந்த அனுகூலத்துக்கு ஈடே பாதிக் கழிவு என்று வாதிடலாம். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. 2009க்குப் பின்னும் பெற்றோரின் வயதையே கொண்டு பெருக்கியைத் தீர்மானித்த தீர்ப்புகள் உண்டு. அவற்றிலும் பாதி கழிக்கப்பட்டதுண்டு. விலக்கை விரித்தால் பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்ற அச்சம் பொருட்படுத்தத்தக்கதன்று; சம்பளச் சான்றிதழைச் சோதிக்கத் தெரிந்த தீர்ப்பாயத்துக்குச் சார்புநிலையைச் சோதிக்கவும் தெரியும்.

உண்மையான இடர்ப்பாடு விசாரணையில் இருக்கிறது. முதல் சாட்சியாகத் தாய் தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலத்தில் மகனின் வேலை, சம்பளம், விபத்து நடந்த விதம் எல்லாம் இருக்கும். அவன் வீட்டுக்கு என்ன கொடுத்தான் என்பது பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடும். குறுக்கு விசாரணையில் தந்தை கூலி வேலைக்குப் போகிறார் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் சொன்னதும் பாதிக் கழிவு உறுதியாகிவிடும். வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று காட்டுமே தவிர, யார் சார்ந்திருந்தார் என்று காட்டாது. தங்கையின் கல்லூரிக் கட்டண ரசீது, தாயின் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் மகன் அனுப்பிய தொகை, தந்தையின் மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைச் சான்றாவணங்களாகக் குறியீடு செய்ய வேண்டும். சார்புநிலையை மனுவிலேயே தனியே எடுத்துரைத்து, அதற்கென ஒரு எழுவினா வனையக் கோருவது மனுதாரர் வழக்கறிஞரின் கடமை. அக்கோரிக்கையை 31ஆம் பத்தியை மட்டும் காட்டி மறுக்கத் தீர்ப்பாயத்துக்கு 2017இன் தீர்ப்பு அதிகாரம் தரவில்லை.