முன்னாள் படைவீரர் நில ஒப்படை (சித்தூர், திருப்பதி மாவட்டங்கள்)

பணி முடித்து ஊர் திரும்பிய படைவீரருக்கு அரசுத் தரிசை அளந்து, உட்பிரிவு செய்து, பயிரிடுவதற்காகப் பட்டாவுடன் வழங்கும் முறையே முன்னாள் படைவீரர் நில ஒப்படை. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் (திருப்பதி 2022 ஏப்ரல் 4-இல் தனி மாவட்டமானது) பெரும்பாலும் இது வருவாய்த் துறையின் வழக்கமான ஒப்படை வேலைக்குள்ளேயே நடந்துவந்தது. வீரர்களை ஓரிடத்தில் குடியமர்த்திய காலனிகளைவிட, கிராமக் கணக்குகளில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் உட்பிரிவு எண்களே இதன் அடையாளம்.

பின்னணி

படைக்கு ஆள் கொடுத்தவருக்கு நிலம் கொடுப்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. சித்தூர்ப் பாளையக்காரர்களிடம் இருந்த கட்டுபடிச் சேவகர்களும் ஊர்க் காவல்காரர்களும் மானிய நிலத்தில் வாழ்ந்தவர்களே. ஆங்கிலேயர் இதைப் பெரிய அளவில் செய்தது பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில். அங்கே முதலில் வாய்க்கால் வெட்டினார்கள், பிறகு ஆளை அமர்த்தினார்கள். சென்னை மாகாணம் அந்தப் பாடத்தை இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே கையில் எடுத்தது. போர்க்காலத்தில் வீரர் ஒருவருக்கு மாதம் 2 ரூபாய், போரிடாப் பணியாளருக்கு 1 ரூபாய் எனச் சேர்த்த மறுவாழ்வு நிதி ஒன்று இருந்தது. மாகாண அரசு அப்போது மலபாரின் வயநாட்டில் முன்னாள் படைவீரர்களுக்காகத் தொடங்கிய குடியேற்றத் திட்டம் குறிப்பிடத்தக்கது. காடு திருத்துவது, மலேரியாவைக் கட்டுப்படுத்துவது ஆகிய வேலைகளோடு அம்பலவயலில் ஒரு வேளாண் ஆய்வுப் பண்ணையும் வந்தது. அந்தப் பண்ணை இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆய்வு நிலையமாக இயங்குகிறது.

1911-இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் ஒப்படைக்கான நிலம் இரண்டு வழியில் கிடைத்தது. ஒன்று, ரயத்துவாரிக் கிராமங்களின் அரசுத் தரிசு. மற்றொன்று, 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் காளஹஸ்தி, புங்கனூர் போன்ற ஜமீன்களிடமிருந்து அரசுக்கு வந்த தரிசு. இரண்டிலுமே நல்ல நிலத்தை ஏற்கெனவே யாராவது உழுதுகொண்டிருந்தார்கள். மிஞ்சியது குன்றடி மேடும் கல்லாங்குத்துமே.

நடைமுறை

விண்ணப்பம் தாசில்தாருக்குப் போகும். முன்னாள் படைவீரர் என்பதற்கு மாவட்டப் படைவீரர் நல அலுவலகம் சான்று தரும். வருவாய் வாரிய நிலையாணை 15-இன்படி தரப்படுவது டி-படிவப் பட்டா. ஊரார் இதை டி.கே.டி. பட்டா என்பார்கள், தர்காஸ்து, அதாவது விண்ணப்பித்துப் பெற்ற பட்டா. உச்ச அளவு பொதுவாக நஞ்சையில் இரண்டரை ஏக்கர், புஞ்சையில் ஐந்து ஏக்கர். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, கல் நட்டு, தாய்ப் புல எண்ணின் கீழே புது உட்பிரிவு எண் கொடுத்துப் புலப்படத்தில் கோடு இழுப்பார். பிறகு அது சாகுபடிப் பதிவான அடங்கலிலும் உரிமைப் பதிவான 1-பி கணக்கிலும் ஏறும். மூன்று ஆண்டுக்குள் பயிரிட வேண்டும் என்பது நிபந்தனை. மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அரசின் வேலை கல் நட்டதோடு முடிந்துவிடும். புதரை வெட்டுவது, பாறையைப் பெயர்ப்பது, கரை போடுவது, கிணறு தோண்டுவது எல்லாம் பட்டாதாரர் பாடு. சித்தூரில் வற்றாத ஆறு கிடையாது. ஏரிப் பாசனமும் கிணறும்தான் கதி. ஏரியின் ஆயக்கட்டு நிலம் ஒப்படைக்கு வராது. எனவே ஐந்து ஏக்கர் என்பது பெரும்பாலும் மழையை நம்பிய வேர்க்கடலை நிலம், அல்லது ஆழ்துளைக் கிணறு போட்டால் மாந்தோப்பு. ஓய்வூதியம் இருந்ததால்தான் பலரால் அந்த நிலத்தை வைத்திருக்கவே முடிந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போருக்குப் பின் ஏறத்தாழ 37,000 வீரர்களை விவசாயிகளாக்கினார்கள். பெரும் நட்டத்தில் முடிந்த அந்தத் திட்டத்தை ஆராய்ந்த நீதிபதி பைக், 1929-இல் சொன்ன காரணங்களில் முக்கியமானவை முதலீடு இல்லாமை, குடும்பம் பிழைக்கப் போதாத நில அளவு. இரண்டும் சித்தூருக்கும் அப்படியே பொருந்தும்.

விற்பனை உரிமை

இந்த ஒப்படையின் பிற்கால வரலாறு முழுவதும் விற்பனை பற்றியதுதான். ஆந்திரப் பகுதியில் 1954 ஜூன் 18-ஆம் தேதி ஆணைக்குப் பின் ஒப்படை நிலத்தை விற்கக் கூடாது என்ற நிபந்தனை பட்டாவிலேயே சேர்ந்தது. 1977-ஆம் ஆண்டின் ஒப்படை நிலங்கள் கைமாற்றத் தடைச் சட்டம் அதை இறுக்கியது; ஆனால் அச்சட்டம் பேசுவது நிலமற்ற ஏழைகளுக்குத் தந்த நிலத்தைப் பற்றி. முன்னாள் படைவீரர்களையும் விடுதலைப் போராட்டத் தியாகிகளையும் அரசு வேறாகப் பார்த்தது. 1993 நவம்பர் 11-இல் வந்த வருவாய்த் துறை ஆணை எண் 1117, ஒப்படை பெற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்தால் இவ்விரு பிரிவினரும் நிலத்தை விற்கலாம் என்றது.

குப்பம், பலமனேர் பக்கத்து மேட்டு நிலங்களில் இந்தச் சலுகையால் உடனே பெரிய மாற்றம் வர வழியில்லை. திருப்பதியைச் சுற்றிக் கதை வேறு. ரேணிகுண்டா விமான நிலையம், ஏர்ப்பேடு ஐ.ஐ.டி., சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி என்று வரிசையாக வந்தபோது, வேர்க்கடலைக்கே தடுமாறிய நிலத்துக்கு வீட்டுமனை விலை வந்தது. லேஅவுட் போட்டால் ஏக்கர் கணக்கு, மனையளக்கும் உள்ளூர் அளவான அங்கணக் கணக்காகிவிடும். பயிரிடுவதற்காகப் பிரித்த உட்பிரிவு, வீட்டுமனைக்காக மறுபடி பிரிபடுகிறது. பயிர் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதி வேண்டியிருந்தது. மக்கள் வாயில் அது ‘நாலா’.

விற்கும் உரிமை தாளில் இருந்தாலும் பதிவு அலுவலகத்தில் தடங்கல் வந்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி தயாரிக்கும் தடைப் பட்டியலில் டி.கே.டி. நிலங்களை மொத்தமாகச் சேர்த்தபோது படைவீரர் நிலங்களும் அதில் அகப்பட்டுக்கொண்டன. அவற்றை விடுவிக்க மாவட்ட ஆட்சியரிடம் தடையின்மைச் சான்று கேட்டு அலைந்தவர்கள் உண்டு; உயர் நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. வாங்குவோர் பட்டாவின் தேதியையும், அது படைவீரர் பிரிவில் தரப்பட்டதா என்பதையும் தாசில்தார் அலுவலக ஒப்படைக் கோப்பில் பார்த்துவிடுவது நல்லது. அடங்கல் நகல் மட்டும் போதாது.

நிலமற்ற ஏழைகள் பெற்ற ஒப்படை நிலத்தை இருபது ஆண்டுக்குப் பின் விற்க வழிசெய்யும் திருத்தம் 2023-இல்தான் வந்தது. படைவீரர்களுக்கு அந்த உரிமை அதற்கு முப்பது ஆண்டு முன்பே கிடைத்திருந்தது.