28 தவறு செஞ்ச முதல் ஆளு

இன்னைக்கு 1998-க்குப் போறோம், அமெரிக்க ஃபுட்பாலுக்கு.

அங்கே கல்லூரி வீரர்களை அணிகள் வருஷா வருஷம் வரிசையாத் தேர்ந்தெடுக்கும். அதுக்குப் பேரு டிராஃப்ட். அந்த வருஷம் முதல் ஆளு பெய்டன் மேனிங், இரண்டாவது ரயன் லீஃப். ரெண்டு பேருமே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவங்க.

முதல் ரெண்டு ஆட்டத்துலயும் லீஃப் ஜெயிச்சார், மேனிங் தோத்தார். அன்னைக்கே தீர்ப்பு எழுதியிருந்தா? சீசன் முழுக்க மேனிங் எறிஞ்சதுல 28 பந்து எதிரணி கையில விழுந்துச்சு. புதுமுகங்கள்ல இன்னைக்கும் அதுதான் அதிகம். லீஃபுக்கு 15தான். ஆனா டச்டவுன் கணக்கு? மேனிங் 26, லீஃப் 2!

இன்னொண்ணையும் கவனிங்க. டிராஃப்ட்ல முதல் வாய்ப்பு வழக்கமா முந்தின வருஷம் ரொம்ப மோசமா ஆடுன அணிக்குத்தான். மேனிங் வர்றதுக்கு முன்னாடி கோல்ட்ஸ் 16-ல 3 ஜெயிச்சுது. அவர் வந்த வருஷமும் அதே 3. ஓட்டைப் படகுல ஏத்திவிட்டு, ஏன் கரை சேரலன்னு கேட்டாங்க. 1999-ல அதே அணி 13 ஜெயிச்சுது. லீஃப் 2002-ல ஓய்வு பெற்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்கு வந்த மதிப்பீட்டுலயும் தவறுகளை மட்டும்தான் எண்ணியிருந்தாங்க. இப்போ என் டீம்ல ஒரு புதுப் பையன் இருக்கான். அவனை மதிப்பிடும்போது இந்த 26 ஞாபகத்துக்கு வரணும்.