சொல், பண், இசைத்தட்டு: பாட்டுரிமையின் செட்டிநாட்டு வரலாறு

காரைக்குடி தமிழுக்குத் தந்த கொடைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அது ஓர் உரிமைத் துறப்பு.

1921இல் மறைந்த பாரதியின் பாடல்களுக்கு அன்றைய சட்டப்படி 1971 வரை உரிமைக்காப்பு இருந்தது. அச்சுரிமை ஒருவரிடமும் இசைத்தட்டு உரிமை வேறொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்தன. பின்னதை 1940களில் விலைகொடுத்து வாங்கியவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். சரசுவதி ஸ்டோர்ஸ் வாயிலாக இசைத்தட்டு வணிகத்தில் தேர்ந்த அவர், பாட்டின் விலை அறிந்தவர். காரைக்குடியிலே அமைத்த படப்பிடிப்புக் கூடத்தில் அவர் உருவாக்கிய 'நாம் இருவர்' 1947இல் வெளிவந்தது. ஆர். சுதர்சனத்தின் இசையில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது சிக்கல் எழுந்தது. மக்கட் கவிஞனின் பாட்டு ஒருவர் உடைமையாகலாமா என்ற குரல் வலுத்தது. நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக்கு முன்னின்றனர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளை ஏற்றது. மெய்யப்பர் தம் உரிமையை ஈடு பெறாமலே வழங்கினார். பின்னர் அரசு அவற்றைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது.

எனினும் விடுதலை பெற்றது சொல் மட்டுமே. சொல்லுக்கு ஓர் உரிமை, பண்ணுக்கு ஓர் உரிமை, பதிவான ஒலிக்கு மற்றோர் உரிமை என மூன்றாகப் பிரிக்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். இன்று ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளும், பண்ணுக்கு அமைத்தவர் மறைவிலிருந்து 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. ஆகவே, 1947இன் இசைத்தட்டு பொதுவாகிவிட்ட பின்னும் அதன் மெட்டுக்குக் காப்பு தொடர்கிறது.

பழம்பாட்டைக் கலந்து 'ரீமிக்ஸ்' செய்யும் இளைஞர் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு கழிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் உரிமைத்தொகை செலுத்தி மறுபதிவு செய்ய வழிவிடுகிறது. ஆனால், தொழில்நுட்பத் தேவைக்கு மேற்பட்ட மாற்றத்தை அது ஏற்பதில்லை. மாற்றமே ரீமிக்ஸின் உயிர். எனவே உரியவரின் இசைவின்றி அது நடவாது. இசைவு பெற்றுச் செய்தால், கலப்பவர் சேர்த்த புதுமைக்கும் காப்புக் கோர இடமுண்டு.

பாரதியின் சொல்லைச் சுதர்சனம் புதுப்பண்ணில் வார்த்ததும் ஒருவகை மறுஆக்கமே. முன்னவனுக்குரிய பங்கைக் கொடுத்து, பின்னவனுக்கும் வழிவிடும் சட்டமே கலையை வாழவைக்கும். காப்பதும் விடுவதும் ஆகிய இரண்டையும் ஒருவரே செய்து காட்டிய மண் காரைக்குடி.