சமூகக் காணி நம்பிக்கைப் பொறுப்பும் அப்புத்தளைத் தோட்ட வீட்டுரிமையும்

சமூகக் காணி நம்பிக்கைப் பொறுப்பு என்பது ஊரின் நிலத்தை இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு ஊருக்காக நிலையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் நிற்கும் வீட்டை மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமாக்கும் ஏற்பாடு. நிலம் விற்கப்படுவதில்லை, நீண்டகாலக் குத்தகைக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்கு, விடப்படுகிறது. குத்தகை உரிமை பிள்ளைகளுக்குப் போகும். வீட்டை விற்கவும் முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் முன்பே எழுதிய கணக்குப்படியே விலை வைக்க வேண்டும். நிலத்தின் விலை வீட்டு விலையில் ஏறாததால் அடுத்து வாங்கும் ஏழைக் குடும்பத்துக்கும் அந்த வீடு எட்டும் தொலைவில் இருக்கிறது.

ஊவா மாகாணத்தின் அப்புத்தளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இந்த ஏற்பாடு சட்ட வடிவம் பெறவில்லை. என்றாலும் வீடு ஒருவர் கையில், நிலம் வேறொருவர் கையில் என்ற பிரிவினை அங்கே தலைமுறை தலைமுறையாக நடைமுறையில் இருக்கிறது. நிலத்தை வைத்திருப்பவர்கள் ஊரார் அல்லர் என்பதே வேறுபாடு. தோட்ட வீட்டுரிமைப் பிரச்சினையின் வேர் அங்கேதான்.

காணி கைமாறிய வரலாறு

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. ஊவாவில் 1817–18இல் எழுந்த கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாகக் கருதியது. காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்துக்கும் அரசின் பத்திரமோ வரி செலுத்திய சான்றோ கேட்டது. பாட்டன் காலம் முதல் சேனை வெட்டிப் பயிரிட்ட சிங்களக் கிராமத்தவரிடம் எழுதப்பட்ட உறுதி ஏது? அப்படிப் போன மலைகளே கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் டம்பதென்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. காட்டை வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் ஆள் சேர்க்கும் கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த குடும்பங்கள். நிலத்தை இழந்த கிராமத்தவர், நிலத்தில் உழைத்தும் நிலம் பெறாத தொழிலாளர் என இரு சாராரையும் உண்டாக்கியது ஒரே சட்டம்தான். ஊவாவில் காணியைப் பற்றிப் பேசுவோர் ஒரு சாராரின் இழப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நிலமற்ற விவசாயிகளுக்கு அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கியது. பெற்றவர் அதை விருப்பம்போல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது, பின்னுரித்தாளருக்கு விடலாம். ஏழையின் காணி கடனிலும் விற்பனையிலும் கரையாமல் காக்கும் இந்த எண்ணம் சமூகக் காணிப் பொறுப்பின் எண்ணத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தோட்டக் குடும்பங்கள் இதன் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரை இப்படி எண்ணிப் பங்கிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் காணிச் சீர்திருத்தமும் நடந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. காணி பகிரப்பட்ட வேளையில் அதில் உழைத்தவர்களில் பலருக்குக் கேட்க வாக்குரிமை இல்லை. குடியுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் தீர்ந்தது. காணிச் சிக்கல் அவற்றோடு தீரவில்லை.

1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. அது 2045 வரை செல்லும். நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, தொழிலாளர் குடியிருக்கும் லயம் தோட்ட நிருவாகத்துடையது. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு எஞ்சுவது குடியிருத்தல் மட்டுமே.

லயமும் வேலையும்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள். இதுவே லயம். ஆளை வேலைத்தலத்துக்கு அருகில் வைத்திருக்கக் கட்டப்பட்டது அது. குடும்பம் பெருகும் என்று எண்ணிக் கட்டப்படவில்லை. மகனுக்குக் கலியாணமானால் சாக்கையோ பலகையையோ வைத்து மறைத்து இன்னோர் அறை உண்டாக்குவார்கள். பின்பக்கம் குசினியை நீட்ட வேண்டுமென்றால் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும்.

வீடு வேலையோடு கட்டப்பட்டிருப்பது இதைவிடப் பெரிய தளை. இன்று தோட்டத்தில் வாழ்வோரில் பெரும்பான்மையோர் தோட்டப் பதிவில் உள்ள தொழிலாளர் அல்லர். பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கல்வீடு கட்டலாம். கட்டுவதற்குச் சொந்த நிலம் இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் போட்டுக்கொண்டால்தான் காம்பரா நிலைக்கும் என்ற அச்சத்தில், உடல் தளர்ந்த தாய்மார் இன்னும் கொழுந்துக் கூடையைச் சுமக்கிறார்கள். இந்த அச்சத்துக்கு முடிவு கட்டாத எந்த வீட்டுத் திட்டமும் பாதித் திட்டமே.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் நீண்ட காலம் தடையாயிருந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புக்குச் சபைகள் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. 2018இல்தான் திருத்தம் வந்தது.

ஏழு பேர்ச்

1990களில், பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்ற அமைப்பும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் கடன் வழியில் வீடுகள் கட்டின. கடன் தவணை சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. காணி உறுதி கைக்கு வந்தவர்கள் அரிது. 2015இல் பழனி திகாம்பரம் அமைச்சராயிருந்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்பது அரசுக் கொள்கையாயிற்று. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். ‘பசுமை பூமி’ என்ற பெயரில் காணி உரித்துகள் வழங்கப்பட்டன. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளைப் பொறுப்பேற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்களை வழங்கினார்.

லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது பெரும் மாற்றம். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஏழு பேர்ச்சில் வீடு எழும்பிய பிறகு மரக்கறிப் பாத்திக்கும் மாட்டுப்பட்டிக்கும் எஞ்சும் இடம் மிகச் சிறிது. ஊற்று, பாதை, விளையாட்டிடம், மயானம் ஆகியவை எவர் பெயரில் இருக்கும் என்ற கேள்விக்குத் தனி உறுதியில் விடை இல்லை. அவை கம்பனிக் குத்தகைக்குள்ளேயே கிடக்கும்வரை, சொந்த வீட்டுக்காரரும் தண்ணீருக்காகத் தோட்ட நிருவாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

மலை சரியும்போது

2014 ஒக்டோபர் 29 காலையில், அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்ட பலரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. போவதற்கு அவர்களுக்குக் காணி எங்கே இருந்தது? பாதுகாப்பான நிலம் அதே தோட்டத்தில் தேயிலைக்குக் கீழே இருந்தது; அதைத் தெரிந்தெடுக்கும் உரிமை குடியிருந்தவர்களிடம் இல்லை. பூனாகலைப் பக்கம் மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016இல் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளைக் கடுமையாகத் தாக்கியது.

தனித்தனியாக ஏழு பேர்ச் பிரித்துக் கொடுத்துவிட்டால், ஒரு பகுதி ஆபத்தானது என்று பின்னர் தெரியவரும்போது அங்குள்ளவருக்கு மாற்றுக் காணி தர ஊரிடம் ஒன்றும் இருக்காது. பொதுவில் வைத்த காணிக்கு மலைநாட்டில் இருக்கும் மிக வலுவான நியாயம் இதுவே.

கிராமதானம் முதல் ஜோர்ஜியா வரை

சமூகக் காணிப் பொறுப்பு அமெரிக்காவில் உருவானதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதன் ஊற்றுகளில் ஒன்று நம் பக்கத்தது. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம், தனியாருக்குத் தானமளித்த நிலம் மீண்டும் விலைபோவதைக் கண்டு, ஊரே நிலத்தை வைத்திருக்கும் கிராமதானமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் அதை முன்னெடுத்தவர் எஸ். ஜெகந்நாதன். கீழ்வெண்மணியில் 1968இல் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பின், அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்குப் போய், 1981இல் உழுபவர் நில உரிமைக்கான லாப்டி அமைப்பை நிறுவினர். பேச்சுவார்த்தை நடத்தி நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவுசெய்தது அந்த அமைப்பு.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் வாக்குரிமை கேட்டதற்காகப் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நிலக்காரர் கையில் வீடு இருக்கும்வரை வாக்குரிமையும் நிலைக்காது என்று உணர்ந்த சார்ள்ஸ் ஷெரொட், ஸ்லேட்டர் கிங், ரொபர்ட் ஸ்வான் ஆகியோர் கிராமதானத்தையும் இஸ்ரேலின் குத்தகைக் காணி முறையையும் ஆராய்ந்து, 1969இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற முதல் சமூகக் காணிப் பொறுப்பைத் தொடங்கினர். சுமார் 5,700 ஏக்கர் வாங்கினர். வறட்சி வந்தபோது வெள்ளையருக்குக் கிடைத்த அரசுக் கடன் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1985இல் நிலம் பறிபோனது. 2009இல் நட்டஈடு கிடைத்தது. நிலத்தை அமைப்பின் பெயரில் எழுதியது மட்டும் அவர்களைக் காக்கவில்லை என்பதை மலையகத்தில் இதைப் பேசுவோர் மறக்கக் கூடாது. கடன் வழியும் அரசின் நேர்மையும் கூடவே வேண்டும். 1984இல் வெர்மொண்ட் மாநிலத்தின் பேர்லிங்டன் நகரில் தொடங்கிய அமைப்பு நகராட்சியின் துணையோடு நிலைத்தது. போர்ட்டோ ரிக்கோவின் கான்யோ மார்ட்டின் பெஞ்ஞா குடியிருப்பு, வாய்க்கால் சீரமைத்தபின் நிலவிலை ஏறித் தன்னைத் தள்ளிவிடும் என்று முன்கூட்டியே அறிந்து தன் நிலத்தைப் பொதுவில் கட்டிவைத்தது.

அப்புத்தளைக்குப் பொருந்துமாறு

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை வரிசையில் சுற்றுலா பெருகப் பெருகக் காணி விலையும் ஏறுகிறது. பள்ளத்தாக்கைப் பார்த்த ஏழு பேர்ச்சுக்கு விடுதிக்காரர் தரும் விலை, கடன்பட்ட குடும்பத்துக்குப் பெரிய தொகை. விற்றவர் மறுபடி அங்கே வாங்க முடியாது. இந்த இழப்பைத் தடுக்க விற்பனைக் கட்டுப்பாடு உதவும். ஆயினும் நூற்றைம்பது ஆண்டு காணி உறுதிக்குக் காத்திருந்த மக்களிடம் ‘நிலம் உங்களுடையதல்ல, பொதுவினுடையது’ என்று சொன்னால், பழைய மறுப்பு புதிய பெயரில் வந்ததாகவே அவர்கள் கொள்வார்கள். அது நியாயமான சந்தேகம். பக்கத்துக் கிராமத்தில் அனுமதிப்பத்திரக்காரருக்கு ‘உறுமய’ திட்டத்தில் முழு உரித்து கொடுக்கத் தொடங்கிய பின், தோட்டத்தவருக்கு மட்டும் குத்தகை என்பது பாகுபாடாகும்.

எனவே வீடும் அது நிற்கும் மனையும் குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியாக எழுதப்பட வேண்டும். ஊற்றும் பாதையும் மயானமும் பாதுகாப்பான மாற்றுக் காணியும் தோட்டத்துக் குடும்பங்கள் தாமே தெரிந்தெடுத்த நம்பிக்கைப் பொறுப்பின் கையில் இருக்கலாம். மனையை விற்க நேர்ந்தால் முதலில் வாங்கும் உரிமையும் அதற்கே இருக்கலாம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் இத்தகைய அமைப்புக்கு இடம் தருகின்றன. கோயில் காணியைத் தர்மகர்த்தாக்கள் பரிபாலிப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நிருவாக முறை புதிதுமல்ல. தேவைப்படுவது அரசு தன் காணியைக் கம்பனிக் குத்தகையிலிருந்து விடுவித்துத் தருவது. அதைச் செய்ய 2045 வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடமைப்புக்காக ஏழு பேர்ச் துண்டுகளை விடுவித்தபோது பின்பற்றிய அதே வழியில் ஊருக்குரிய பொதுக் காணியையும் விடுவிக்கலாம்.