நாம் படித்த சரித்திரக் கதைகளும் கல்வெட்டில் நின்ற பெண்களும்

எமது கல்லூரியில் கற்ற பல தலைமுறை மாணவியருக்குச் சோழர் வரலாறு இரண்டு வழிகளால் வந்து சேர்ந்தது. ஒன்று, சரித்திர பாட நூல். அதில் சோழர் படையெடுப்பு ஓர் ஆண்டும் இரண்டு மன்னர் பெயர்களுமாகப் பரீட்சைக்கு வேண்டிய அளவில் முடிந்துவிடும். மற்றையது கல்கி. பாட நூலில் ஒரு பந்தியாக இருந்தது கல்கியிடம் ஐந்து பாகங்களாக விரிந்தது. பாட நூலை மறந்தவர்கள் கூடக் கோடிக்கரையையும் பழையாறையையும் மறக்கவில்லை.

அண்மையில் 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாக வந்தபோது, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் இருந்த எமது தோழியர் பலர் அந்நாவலை மீண்டும் கையில் எடுத்தனர். பேத்திமார் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே பலர் எடுத்தனர். பதினான்கு வயதில் வாசித்த நூலை அறுபது வயதில் வாசிக்கும்போது கதை மாறவில்லை. நாம் நின்று பார்க்கும் இடம் மாறிவிட்டது. நூற்றாண்டு மலரில் அதுபற்றிச் சிறிது எழுதி வைப்பது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

பெண்ணின் பெயரில் பிறந்த சரித்திர நாவல்

முதலில் ஈழத்தவர் பெருமை கொள்ளக்கூடிய ஒரு செய்தி. தமிழில் தோன்றிய முதலாவது சரித்திர நாவல் எனக் கொள்ளப்படும் மோகனாங்கியை எழுதியவர் திருகோணமலையில் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை. 1895இல் வெளிவந்த அந்நூல் நாயக்கர் காலத்துத் தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் களமாகக் கொண்டது. தமிழ்ச் சரித்திர நாவல் தன் முதற் பிறப்பிலேயே ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி வந்தது தற்செயலன்று. அதே ஆசிரியர் பெண்களின் விடுதலையைப் பொருளாகக் கொண்டு தத்தை விடு தூது என்ற நூலையும் பாடியவர்.

ஆயினும் எமது தலைமுறைகளுக்குச் சரித்திரக் கதை என்றால் கல்கிதான். 1944இல் தொடங்கிய சிவகாமியின் சபதமும் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனும் கல்கி சஞ்சிகையிலிருந்து கழற்றித் தைத்துக் கட்டப்பட்ட தொகுப்புகளாகப் பல வீடுகளில் இருந்தன. மணியத்தின் ஓவியங்கள் அவற்றோடு சேர்ந்தே இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்தப் பழைய தொகுப்புகளின் மதிப்பு இன்னும் கூடிற்று. விடுதியில் ஒரு தொகுப்பு பத்துப் பேர் கைமாறியே உரியவரிடம் திரும்பும். அகிலனும் நா. பார்த்தசாரதியும் வாசிக்கத் தந்தால் பெரியவர்கள் தடுக்கவில்லை. சாண்டில்யன் மட்டும் தலையணைக்குக் கீழே இருந்தார்.

இந்த நாவல்கள் சிறுமியருக்கென்று எழுதப்பட்டவை அல்ல. எனினும் அவற்றைத் தமதாக்கிக்கொண்டவர்கள் பெண் பிள்ளைகளே. காரணம் தெளிவானது. அந்நாளில் எமக்குக் கிடைத்த வேறெந்தச் சரித்திரத்திலும் பெண்கள் இவ்வளவு பேசவில்லை. குந்தவை அரசியல் நடத்தினாள். பூங்குழலி யாரையும் கேட்காமல் கோடிக்கரையிலிருந்து ஈழத்துக் கரைக்குத் தனியே படகு வலித்தாள். நந்தினி ஒரு பேரரசையே ஆட்டிவைத்தாள். ஆறு மணிக்கு முன் வீட்டுப் படலைக்குள் நிற்க வேண்டிய பிள்ளைகளுக்கு அந்தப் படகு எவ்வளவு பெரிய விடுதலை!

கதை அவர்களை எங்கே கொண்டு சென்று விட்டது?

மீள வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்தப் பெண்களின் முடிவுகள். தந்தையில்லாப் பிள்ளைபோல் காட்டில் அலைந்த ஊமை ராணி, சுந்தர சோழரைக் காக்க முனைந்து உயிர் விடுகிறாள். மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர் நீங்குகிறாள். நந்தினி கதையை விட்டே மறைந்துபோகிறாள். வானதி சிங்காதனத்தில் அமர்வதில்லை எனச் சபதம் செய்கிறாள். சிவகாமி, தான் காத்திருந்தவன் வேறொருத்தியை மணந்துவிட்டதை அறிந்து இறைவனையே நாயகனாக ஏற்கிறாள். துணிந்து செயற்பட்ட பெண்களில் பலரைக் கதை தன் முடிவுக்குள் அனுமதிக்கவில்லை. பதினான்கு வயதில் நாம் அதைத் தியாகம் என வாசித்து அழுதோம். இன்று, ஏன் எப்போதும் அவளே தியாகம் செய்ய வேண்டும் எனக் கேட்கிறோம்.

சிவகாமியின் சபதமும் இன்று வேறு விதமாக ஒலிக்கிறது. வாதாபியை எரித்து வந்து என்னை மீட்டுச் செல் என்று ஒரு பெண் சொல்வது அன்று வீரமாக இருந்தது. எரியும் நகரத்துக்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை. நகரங்கள் எரிந்ததைக் கண்ட தலைமுறையினராகிய எமக்கு இன்று முதலில் எழுவது அக்கேள்வியே.

இவ்வளவும் கல்கியைக் குறை கூறுவதற்காக அன்று. நந்தினி, பூங்குழலி, ஊமை ராணி, சிவகாமி ஆகியோர் அவருடைய கற்பனை. கற்பனைப் பாத்திரத்தின் விதி ஆசிரியர் கையில். ஆனால் குந்தவையும் செம்பியன் மாதேவியும் வானவன் மாதேவியும் வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றிக் கல்லில் எழுதப்பட்டவை இன்றும் இருக்கின்றன. நாவலை மூடிவிட்டு அவற்றை நாடும்போதுதான் பெரிய வியப்பு காத்திருக்கிறது.

கல் சொல்லும் குந்தவை

தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டில் முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றையும் தன் அக்கன் கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி ஆணையிடுகிறான். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தனக்கு அடுத்ததாக அவன் சொல்வது தன் அரசியரை அன்று, தமக்கையை. குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் அக்கோயிலில் படிமங்கள் எடுப்பித்தார். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்குமாக மூன்று கோயில்களை எழுப்பினார். தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலக்கொடை அளித்தார்.

நாவலில் இளவரசியின் காதலனாக ஐந்து பாகங்களிலும் குதிரையில் பாய்ந்து வரும் வந்தியத்தேவன், தஞ்சைக் கல்வெட்டில் நிற்பது குந்தவையின் கணவர் என்ற ஒரு சொல்லளவில். அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டுதான் கல்கி தன் நாயகனைப் படைத்தார். கல்லில் கதாநாயகி குந்தவையே. கணவர் அவரை அடையாளம் காட்டும் அடைமொழி. இதைப் பதினான்கு வயதில் எமக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இரண்டு அரசியர், இரண்டு வழிகள்

செம்பியன் மாதேவி வரும் பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிச் சென்றது உண்டு. திருநீறு அணிந்த முதிய அரசியிடம் சிறுமியருக்கு என்ன வேலை? இன்று அவரே எம்மை நிறுத்தி வைக்கிறார். கண்டராதித்த சோழர் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். அக்காலம் முழுவதும் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் என அப்பட்டியல் நீளும். கோனேரிராசபுரத்தில் தன் கணவர் இறைவனை வழிபடும் உருவத்தைச் சுவரில் செதுக்குவித்தார். அவர் பெயரால் அமைந்த ஊரின் கோயிலுக்கு அவருடைய மருமகள்மாராகிய உத்தம சோழனின் தேவியரும் கொடைகள் வழங்கினர்.

மற்றவர் வானவன் மாதேவி. சுந்தர சோழரின் தேவி, இராசராசனின் தாய். நாவலில் நோயுற்ற மன்னரின் கட்டிலருகே இருக்கும் மலையமான் மகள் இவரே. கதை சுந்தர சோழரின் மறைவுக்கு முன்னே நின்றுவிடுகிறது. திருக்கோவலூர்க் கல்வெட்டு அங்கே நிற்கவில்லை. பால் மறவாத குழந்தையையும் விட்டுப் பிரிந்து அவர் கணவரோடு தீப்புகுந்ததை அது கூறுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடும் அச்செய்தியைச் சொல்கிறது.

ஒரே குடும்பத்தில், ஒரே நூற்றாண்டில், இரண்டு விதவையர். ஒருவரைப் புகழ்ந்து பாடினார்கள், அவர் தீயில் இறங்கியதற்காக. மற்றவர் உயிரோடிருந்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கோயில் எழுப்பினார். போர்க்காலத்திலும் அதன் பின்பும் கணவரை இழந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வீடு கட்டி, ஊரில் ஒரு பெயரோடு வாழ்ந்து காட்டியவர்கள் எமது பழைய மாணவியரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையில் முன்மாதிரி வேண்டுமானால் அது நந்தினியும் அன்று, சிவகாமியும் அன்று. நாம் புரட்டித் தள்ளிய அந்த முதிய அரசி.

சிவகாமியைப் பற்றியும் ஒன்று. ஆடற் பெண்ணை நாவலில் காவியத் துயரமாகக் கண்டோம். தஞ்சைக் கோயிற் கல்வெட்டில் ஆடற் பெண்களைக் கணக்கில் காண்கிறோம். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் வந்த கோயில், குடியிருந்த வரிசை, எத்தனையாம் வீடு என்பவை வரை அங்கே வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சபதமும் இல்லை, அரசகுமாரனும் இல்லை. பெயரும் வீட்டிலக்கமும் வருவாயும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரணப் பெண்கள் 400 பேரின் பெயர்ப்பட்டியல் உலகில் எத்தனை இடங்களில் கிடைக்கும்?

எமது கரையிலிருந்து பார்க்கையில்

ஈழத்தில் பிறந்த வாசகியருக்கு மட்டும் உரிய ஒரு சங்கடமும் இந்நாவலில் உண்டு. கல்கியின் அருள்மொழிவர்மன் அநுராதபுரத்தில் விகாரைகளைத் திருத்துவிக்கிறான்; பிக்குகள் வழங்கும் ஈழத்து முடியையும் வேண்டாம் என்கிறான். அந்தக் காட்சி எமக்கு எவ்வளவு இனித்தது! அந்த இளவரசனே பின்னர் மன்னனாகி அனுப்பிய படை 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தின் தலைநகர்ச் சிறப்பை முடித்துவைத்தது. ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெருங்கோயிலுக்கு வருவாய் செலுத்த விதிக்கப்பட்டன. 1017இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து அவன் அங்கேயே மாண்டான் எனச் சூளவம்சம் கூறும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஈழத்தரசரின் முடியோடு அவர் தேவியரின் முடியையும் கவர்ந்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அத்தேவியரைப் பற்றி யாரும் தொடர்கதை எழுதவில்லை.

ஆனால் கல்கி காட்டிய நல்லிணக்கம் முழுதும் வெறுங்கனவும் அன்று. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கே விளக்குக்கும் பசுவுக்கும் தமிழர் அளித்த கொடைகள் தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளன. படையெடுத்ததும் உண்மை, பௌத்தப் பள்ளியில் தமிழர் விளக்கேற்றியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத சரித்திரத்தை, அது எந்த மொழியில் இருந்தாலும், எமது பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது.

பொலன்னறுவைக்குச் செல்லும் தோழியர் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என்று பலகை காட்டும் சிறிய கற்கோயில் ஒன்று அங்கே உள்ளது. அதன் பெயர் வானவன் மாதேவி ஈசுவரம். மேலே சொன்ன தாயின் பெயரையே கொண்ட வேறொருவர் இவர். இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய். கல்கி எமக்கு வானதியாகத் தந்தவர். மெத்தென்ற கொடும்பாளூர்ப் பெண்ணாக, எதற்கும் மயங்கி விழுபவளாக நாம் கேலி செய்த அந்த வானதி! தலைநகரத்து மாளிகைகள் பல இடிந்துபோன இடத்தில், அவர் பெயர் தாங்கிய கோயில் சுவரும் விமானமுமாக நிற்கிறது. பேத்திமாரை அழைத்துச் சென்று காட்டுங்கள். கதையையும் சொல்லுங்கள்; இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்கியை இனி வாசிக்க வேண்டாம் என்பது எமது கருத்தன்று. அவர் இல்லாவிட்டால் கல்வெட்டைத் தேடும் ஆசையே எம்மில் பலருக்கு வந்திருக்காது. கல்லூரி நூலகத்தில் பொன்னியின் செல்வன் தொடர்ந்து இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் சோழர் கல்வெட்டுகள் பற்றிய எளிய நூல் ஒன்றும், சூளவம்சத்தின் தமிழாக்கம் ஒன்றும் இருக்குமாறு இந்த நூற்றாண்டில் நாம் செய்யலாம். பூங்குழலியின் படகில் ஏறும் பிள்ளைக்கு இறங்கி நடக்கவும் ஒரு கரை வேண்டும். அந்தக் கரையை அமைத்துக் கொடுப்பது, எங்கெங்கோ வாழும் பழைய மாணவியராகிய எமது கடன்.