வெள்ளைப்படுதல்: திண்டிவனம் முதல் வேலூர் வரை சில குறிப்புகள்

கொஞ்ச நாளாக ஐடா ஸ்கடர் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். திண்டிவனம் கதை எங்க பக்கத்தில் பலருக்குத் தெரிந்ததுதான். 1890களில், மிஷனரி டாக்டரான அப்பாவோடு அங்கே தங்கியிருந்த இளம்பெண் ஐடாவைத் தேடி ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் வீட்டிலும் பிரசவ வலி. "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்" என்றிருக்கிறார். ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அமெரிக்கா போய் 1899இல் கார்னெல்லில் மருத்துவம் முடித்து, 1900இல் திரும்பி, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி.

இதை ஜெயித்த கதையாகத்தான் நானும் படித்து வந்தேன். ஒரு ஆய்வுக் கட்டுரை அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

1996–97இல் வேலூர் வட்டாரக் கிராமங்களில், கல்யாணமான, 16 முதல் 22 வயதுக்குட்பட்ட 451 பெண்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தொந்தரவு இருப்பதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். ஆய்வகச் சோதனையில் தொற்று உறுதியானது 38 சதவீதம் பேருக்கு. இதில் அதிகம், உடலுறவால் பரவும் நோய் இல்லை. உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் எல்லை மீறிப் பெருகியது. தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் யாரிடமும் காட்டவே இல்லை. சொன்ன காரணங்கள்: மறைவு இல்லை, தூரம், செலவு, இது எல்லாருக்கும் வருவதுதானே என்ற நினைப்பு. அதோடு, பக்கத்து சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை.

நூறு வருஷம் கழித்து, அதே காரணம்!

1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதனால் இது யாரோ ஊர்க் கதை இல்லை. எங்க வீட்டில் இதற்குப் பெயர் 'உடம்புச் சூடு'. வெந்தயம் ஊறவைத்துக் குடி, மோர் குடி, அவ்வளவுதான் வைத்தியம். அம்மா பல வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறார் என்பது அவர் போனபிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சூடெல்லாம் இல்லை. பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலம் சுரந்து காவல் காக்கிறது. ஜெர்மன் மருத்துவர் டோடர்லைன் 1892லேயே இதை எழுதிவிட்டார். அந்தக் காவல் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் சாம்பல் நிற நீர்க்கசிவு, மீன் வாடை. இதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ். பலருக்கு அறிகுறியே இருக்காது. 1955இல் ஹூஸ்டனில் கார்ட்னரும் டியூக்ஸும் ஒரு கிருமியைப் பிடித்து இதுதான் குற்றவாளி என்றார்கள். நிரூபிக்க, ஆரோக்கியமான பெண்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்தார்கள் (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் விடாது). தனிக் கிருமியை வாங்கிய 13 பேரில் ஒருவருக்கு மட்டும் வந்தது. நோயாளியின் கசிவையே வாங்கிய 15 பேரில் 11 பேருக்கு வந்தது. அதாவது ஒரு ஆள் செய்த வேலை இல்லை, கும்பல் வேலை.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. 1983இல் ஆம்செல் குழு வைத்த விதி: கசிவின் தன்மை, 4.5க்கு மேல் பி.எச்., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டினால் மீன் வாடை, பாக்டீரியா அப்பிய செல்கள் நுண்ணோக்கியில் தெரிவது. நாலில் மூன்று இருந்தால் உறுதி. 1991இல் நியூஜென்ட், ஸ்லைடுக்குச் சாயமேற்றி 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னார். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நோய்.

நுண்ணோக்கி இல்லாத இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழி, பச்சை நிறப் பொட்டலம். பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, இரண்டு மருந்தும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். எங்க தொழிலில் லாக் பார்க்காமல் பேட்ச் போடுவது மாதிரி. ஆனாலும் குறை சொல்ல மனசு வரவில்லை. வந்தவளை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்கிறதே. மோசம் என்னவென்றால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பூஞ்சை க்ரீம். தயிர்த்திப்பி மாதிரிக் கசிவும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சை. இது வேற, அந்த க்ரீம் இதைத் தொடாது.

விட்டுவிடலாம் என்றும் இருக்க முடியாது. கர்ப்பத்தில் இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கும், பொதுவாக எச்.ஐ.வி. தொற்றுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. தடுப்பது? உள்ளே சோப்பு, டெட்டால், பீய்ச்சிக் கழுவுவது எதுவும் கூடாது; கழுவக் கழுவக் காவல்தான் போகும். ஆணுறை உதவும். மெட்ரோனிடசோல் ஏழு நாளில் அடக்கிவிடும், ஆனால் ஒரு வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது.

ஏன் திரும்புகிறது என்பதற்கு 2025இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. துணைவருக்கும் மாத்திரையும் மேல்பூச்சும் கொடுத்தபோது 35 சதவீதம்தான்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடா, எந்த வீட்டுல யார் போயி ஆம்பளைகிட்ட மாத்திரைய நீட்டுறது?" என்றாள்.